ரெண்டு பக்கமும் அடி வாங்கின ஹான்ஸ் ஐஸ்லர்

வணக்கம் மக்களே. 1947 செப்டம்பர், வாஷிங்டன். கம்யூனிஸ்டுகளைத் தேடிப் பிடிக்கிறதுக்குன்னே இருந்த அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்னாடி ஒரு இசையமைப்பாளர் உட்கார்ந்திருக்கார். ரெண்டு தடவை ஆஸ்கருக்குப் பரிந்துரையானவர், பேரு ஹான்ஸ் ஐஸ்லர். விசாரிக்கிறவர் அவரை இசைத்துறையோட கார்ல் மார்க்ஸ்னு குத்தம் சாட்டுறார். மனுஷன் என்ன சொன்னார் தெரியுமா? அப்படிச் சொன்னா எனக்குப் பெருமைதான்னுட்டார்! அடுத்த வருஷம் மார்ச்ல நாட்டை விட்டே அனுப்பிட்டாங்க.

சரி, அப்படி என்னதான் பண்ணார்? கொஞ்சம் பின்னாடி போவோம். வியன்னால ஷோன்பெர்க்கிட்ட பாடம் படிச்சவர் இவர். ஷோன்பெர்க்னா அன்னைக்கு நவீன இசையோட பெரிய வாத்தியார். ஆனா இந்த இசையெல்லாம் யாருக்குன்னு இவருக்கு ஒரு கேள்வி. 1925ல பெர்லின் போனவர், 1926ல குருவோட முட்டிக்கிட்டு, தொழிலாளர் பாடகர் குழுக்களுக்கு எழுத ஆரம்பிக்கிறார்.

1930ல ஜெர்மன் நாடக ஆசிரியர் பிரெக்டோட சேர்ந்து ஒரு இசை நாடகம் பண்றார். பெர்லின்ல ஒரு இசை விழாவுல போட வேண்டியது. விழாக்காரங்க அரசியல் பிரச்சினை வரும்னு பயந்து, முதல்ல வசனத்தைக் காட்டுங்கன்னாங்க. ரெண்டு பேரும் முடியாதுன்னுட்டு, தொழிலாளர் குழுக்களை வெச்சே மேடையேத்திட்டாங்க. அந்த நாடகத்துல பாடுறவங்களுக்கு ஐஸ்லர் கொடுத்த குறிப்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும். அழகாப் பாடாதீங்க, உருகாதீங்க. பெரிய கூட்டத்துல ஒரு அறிக்கை வாசிக்கிற மாதிரி ஜில்லுனு, கூர்மையா, வெட்டுற மாதிரிப் பாடுங்க. கேக்குறவன் கண்ணீர் விட்டுட்டு லேசாகி வீட்டுக்குப் போயிடக் கூடாது, யோசிக்கணும். பிரெக்ட் நாடகத்துல கேட்டதும் இதேதான். அதனாலதான் ரெண்டு பேருக்கும் அப்படி ஒத்துப்போச்சு.

1933ல ஹிட்லர் வந்துட்டான். ரெண்டு பேரும் நாடு நாடா அலைஞ்சு, கடைசில ஹாலிவுட். அப்புறம்தான் அந்த விசாரணை.

அமெரிக்கா துரத்தினதும் கிழக்கு பெர்லினுக்குப் போறார். அங்க ராஜ மரியாதை! 1949ல அங்க கிழக்கு ஜெர்மனின்னு உருவான புது கம்யூனிஸ்ட் நாட்டோட தேசிய கீதத்துக்கே இவர்தான் இசை. இதோட சுபம் போட்டிருக்கலாம். ஆனா 1952ல, சாத்தானோட ஒப்பந்தம் போடுற படிப்பாளி ஃபாஸ்ட் கதையை வெச்சு ஒரு ஓபராவுக்கு வசனம் எழுதி வெளியிட்டார் பாருங்க, அங்க ஆரம்பிச்சது வினை. ஜெர்மன் மகாகவி கெதே எழுதின ஃபாஸ்ட் ஜெர்மன்காரங்களுக்குப் பெரிய நாயகன். ஐஸ்லரோட ஃபாஸ்ட் ஒரு விவசாயி மகன். 1525 விவசாயிகள் போராட்டத்துல சொந்த ஜனங்களை விட்டுட்டு ஆண்டைங்க பக்கம் சாயுற படிச்சவன். ஹிட்லர் காலத்துல படிச்சவங்க என்ன பண்ணாங்கன்னு யோசிச்சா இந்தக் கதை எங்க குத்துதுன்னு புரியும்.

கட்சிப் பத்திரிகை பாய்ஞ்சது. தேசியப் பாரம்பரியத்தை அவமதிச்சுட்டாராம்! 1953 மே, ஜூன்ல கலை அகாடமியில கூட்டம் கூட்டமா வெச்சு விவாதிச்சாங்க. பிரெக்ட் நண்பனுக்காக வாதாடினார், எடுபடலை. முதலாளித்துவ நாட்டுல கம்யூனிஸ்ட்னு துரத்தினாங்க, கம்யூனிஸ்ட் நாட்டுல தேசபக்தி பத்தலைன்னு திட்டினாங்க. எனக்கென்னவோ ரெண்டாவது அடிதான் அவரை உடைச்சதுன்னு தோணுது. ஏன்னா அந்த ஓபராவுக்கு அவர் கடைசி வரைக்கும் இசையமைச்சு முடிக்கவே இல்லை. 1962ல காலமாயிட்டார்.

அவர் கீதத்துக்கும் நிம்மதி இல்லை. பாட்டுல ஒன்றுபட்ட ஜெர்மனின்னு ஒரு வரி இருக்கு. 70கள்ல, தனி நாடாவே இருக்க நினைச்ச கிழக்கு ஜெர்மன் அரசுக்கே அது சங்கடமாகி, சொல்லை விட்டுட்டு இசையை மட்டும் வாசிச்சாங்க!

ஐஸ்லரைக் கேக்கணும்னா புரட்சிப் பாட்டுல ஆரம்பிக்காதீங்க. ஹாலிவுட் பாடல் தொகுப்புன்னு ஒண்ணு இருக்கு, அகதியா இருந்தப்போ எழுதினது, பெரும்பாலும் பிரெக்ட் கவிதைகள். ஒவ்வொண்ணும் குட்டிக் குட்டிப் பாட்டு. அதைக் கேட்டுட்டு வாங்க, அடுத்த வீடியோல பிரெக்டோட வேலை செஞ்ச இன்னொரு இசையமைப்பாளர் குர்ட் வைல் பத்திப் பேசுவோம்.