சோலிங்கன் என்று ஒரு முத்திரை

வணக்கம். நான் பேச வந்திருப்பது கத்தியைப் பற்றி. பயப்பட வேண்டாம், மடக்கி மடியில் செருகும் வில்லுக்கத்திதான்.

போன வருடம் தங்கச்சி குடும்பத்தைப் பார்க்கச் சுவிசுக்குப் போயிருந்தேன். ஒரு நாள் மருமகன் காலைக் கோச்சியில் ப்ருன்னன் என்ற ஊருக்குக் கூட்டிப் போனான். ஏரிக்கரை ஊர். நம்முடைய மட்டக்களப்பு வாவி மாதிரிப் பரந்து கிடக்காது, சுற்றிவர மலை நெருக்கி நிற்க, கிணற்றுக்குள் இறங்கின மாதிரி இருக்கும். அங்கே விக்டோரினொக்ஸ் கம்பெனியின் சின்ன அருங்காட்சியகம் இருக்கிறது. "கத்திதானே மாமா, பத்து நிமிடத்தில் பார்த்திடலாம்" என்றான். கடைசியில் என்னை வெளியே இழுத்து வர அவன்தான் பாடுபட்டான்.

பக்கத்து ஊரான இபாக்கில் 1884இல் கார்ல் எல்ஸ்னர் என்பவர் கத்திப் பட்டறை போட்டார். அப்புறம் சுவிஸ் படைக்கு ஒரு மடக்குக் கத்தி தேவைப்பட்டது, தகரப் பேணி திறக்கவும் புதுத் துவக்கைக் கழற்றிப் பூட்டவும். முதல் தொகுதியை ஜெர்மனியின் சோலிங்கனில் செய்வித்தார்கள். நம் படைக்கு வெளிநாட்டுக் கத்தியா என்று எல்ஸ்னர் உள்ளூர்க் கத்திக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு 1891இல் தானே கொடுக்கத் தொடங்கினார். சோலிங்கன் விலைக்கு நின்றுபிடிக்க முடியாமல் மற்றவர்கள் கழன்றுவிட, கடன் முழுவதும் இவர் தலையில். 1897இல் செய்த அதிகாரிக் கத்திதான் பிறகு உலகம் முழுக்கப் போனது. அதன் சூட்சுமம் வில்லில், அதாவது ஸ்பிரிங்கில், இருக்கிறது. ஒரே வில் முன்பக்க அலகையும் பின்பக்கத்துத் தக்கை திருகியையும் இழுத்துப் பிடிக்கும். நாங்கள் வில்லுக்கத்தி என்கிறோமே, அந்த வில்லேதான்! அறுபது வருடமாக அந்தச் சொல்லைச் சொல்லியும் எனக்கு இது உறைக்கவில்லை.

மருமகன் அங்கேயே காசு கட்டித் தன் கையாலேயே ஒரு கத்தி பூட்டி எடுத்தான். பளபளவென்று நல்லாத்தான் இருந்தது, ஆனால் எனக்கு ஏனோ ஒட்டவில்லை.

எனக்குப் பிடித்தது அடுத்துப் போன இடம். பழைய சாமான் கடையை அங்கே 'ப்ரொக்கி' என்கிறார்கள். செத்துப்போனவர்களின் வீட்டுச் சாமான் எல்லாம் வந்து கிடக்கும், கோப்பி அரைக்கும் பெட்டி, மாட்டுமணி, ஒற்றைச் சப்பாத்து. கரண்டிகள் கிடந்த தட்டுக்குள் கையை விட்டேன், எலும்புப் பிடி போட்ட ஒரு மடக்குக் கத்தி. கல்லில் தீட்டித் தீட்டி அலகு பாதியாகத் தேய்ந்திருந்தது. அடியில் சோலிங்கன் என்று முத்திரை.

வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் எங்கள் அப்பாவின் மடியில் இருந்ததும் இதே சாதி. புகையிலை நறுக்குவார், கயிறு அறுப்பார், காலில் முள் தைத்தால் அதன் நுனியால்தான் எடுப்பார். அந்த எழுத்தை வாசிக்க எங்களுக்குத் தெரியாது. 1978 நவம்பர் 23, சூறாவளி இரவில் கூரையோடு போனவற்றில் அதுவும் ஒன்று. விடிந்ததும் அப்பா விழுந்த தென்னைகளை எண்ணவில்லை, மண்ணைக் கிளறிக் கத்தியைத்தான் தேடினார்.

எட்டு பிராங்குக்கு வாங்கினேன். கைப்பையில் வைத்தால் விமான நிலையத்தில் பறித்துவிடுவார்கள் என்று பெரிய பெட்டிக்குள், சாரத்தில் சுற்றிக் கொண்டுவந்தேன். வந்த அன்றே வெற்றிலை வட்டாவை இழுத்துவைத்துப் பாக்குச் சீவப் போனேன். வழுக்கிவிட்டது. "பாக்குவெட்டி கையெட்டும் தூரத்தில் கிடக்குது" என்றாள் மனைவி, தலையைக்கூடத் தூக்காமல்.