வடிகட்டிக்குள் எதைப் போடுவது?

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் தங்கள் வரவேற்பறையில் இரண்டடி, மூன்றடி மீன்தொட்டி வைத்திருக்கும் நம்மவர்கள் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: வடிகட்டிக்குள் எந்தப் பொருளைப் போட்டால் தண்ணீர் மீனுக்கு ஏற்றதாக இருக்கும்? கடைக்குச் சென்றால் சில வெள்ளிக்குக் கிடைக்கும் ஸ்பாஞ்சும், அதைப்போலப் பல மடங்கு விலையுள்ள செராமிக் வளையங்களும் நுண்துளைக் கண்ணாடிக் கட்டிகளும் ஒரே அடுக்கில் இருக்கின்றன. மீன்மேல் உள்ள அன்பினால் விலை கூடியதையே எடுத்து வந்துவிடுகிறோம். பெரும்பாலான வீட்டுத் தொட்டிகளுக்கு அந்தச் செலவு தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. அதற்கான காரணங்களைச் சொல்கிறேன்.

மீன் தன் செவுள் வழியாக அம்மோனியாவை ஓயாமல் வெளியேற்றுகிறது. தின்னாமல் விடப்பட்ட உணவு அழுகினாலும் அதே நஞ்சுதான் உண்டாகிறது. நுண்ணுயிரிகள் அதை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு தீமை மிகக் குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இந்த இரண்டாம் படியைச் செய்வது நைட்ரோபாக்டர் என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது; நன்னீர்த் தொட்டிகளில் அந்த வேலையைப் பெரிதும் செய்வது நைட்ரோஸ்பைரா என்னும் இனம் என்பது 1998ஆம் ஆண்டு ஆய்வில் தெரியவந்தது. எந்த இனமானாலும் அவை பெரும்பாலும் தண்ணீரில் மிதந்து திரிவதில்லை, ஏதேனும் ஒரு பரப்பில் ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன. வடிகட்டிக்குள் போட நாம் வாங்கும் வடிபொருள் அவற்றுக்கு இருப்பிடம், அவ்வளவுதான்.

அந்த இருப்பிடம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? நாளொன்றுக்கு இரண்டு கிராம் உணவு போடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். சிறு மீன்கள் உள்ள தொட்டிக்கு அது தாராளமான அளவு. அந்த உணவில் 40 விழுக்காடு புரதம் இருந்தால், அதிலிருந்து ஏறத்தாழ 0.07 கிராம் அம்மோனியா நைட்ரஜன், அதாவது அம்மோனியாவில் அடங்கிய நைட்ரஜன், உண்டாகும். ஒரு சதுர மீட்டர் பரப்பில் வாழும் நுண்ணுயிரிகள் ஒரு நாளில் 0.1 கிராமை மட்டுமே மாற்றும் என்று மிகவும் குறைத்து மதிப்பிட்டாலும், நமக்குத் தேவைப்படுவது முக்கால் சதுர மீட்டர் பரப்புதான். நார்வேயில் கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்காக உருவாக்கப்பட்ட கே1 என்னும் சிறு பிளாஸ்டிக் சக்கரங்களில், ஒரு லிட்டருக்கு அரைச் சதுர மீட்டர் பயனுள்ள பரப்பு உண்டு. அப்படியானால் ஒன்றரை லிட்டர் சக்கரங்களே போதும். தொட்டியின் மணலும் கண்ணாடியும் செடிகளும் தரும் பரப்பை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை.

இந்நிலையில், ஒரு லிட்டருக்குப் பல நூறு சதுர மீட்டர் பரப்பு என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து நாம் மயங்க வேண்டியதில்லை. அந்தப் பரப்பின் பெரும்பகுதி, ஏறத்தாழ ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுள்ள நுண்ணுயிரியே நுழைய முடியாத நுண்துளைகளின் உட்சுவர். சற்றுப் பெரிய துளைகளும் நாளடைவில் நுண்ணுயிரிகள் படிந்து உண்டாகும் உயிர்ப்படலத்தாலும் கசடாலும் அடைபடுகின்றன. அதன்பின் உள்ளே ஆக்சிஜன் போவதில்லை.

ஆக்சிஜன்தான் இங்கே மையமான செய்தி. ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக மாற்ற ஏறத்தாழ நாலரைக் கிராம் ஆக்சிஜன் செலவாகிறது. 20 பாகை வெப்பமுள்ள ஒரு லிட்டர் நன்னீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். 30 பாகையை நெருங்கும் நம் சிங்கப்பூர்த் தொட்டியில் அது ஏழரை மில்லிகிராம் அளவுக்குக் குறைந்துவிடுகிறது. ஆகவே இங்கே வடிபொருளைத் தேர்ந்தெடுக்கும்போது, தண்ணீர் தடையின்றி ஊடுருவிச் செல்லுமா, கசடு சேர்ந்தால் எளிதில் அலசி எடுக்க முடியுமா என்பவற்றையே முதலில் பார்க்க வேண்டும்.

இவ்விரண்டிலும் சிறந்தது பெரிய துளைகளுள்ள ஸ்பாஞ்சுதான். பல ஆண்டுகள் உழைக்கும், வேண்டிய அளவுக்குக் கத்தரித்துக்கொள்ளலாம், காற்றுப் பம்பில் இணைத்தால் அதுவே முழு வடிகட்டியாகிவிடும். அடுத்து, தோட்டக்கலைக் கடைகளில் கிடைக்கும் எரிமலைக் கல். செடிக்கென விற்கப்படுவதால் உரமோ மருந்தோ கலவாதது என்று உறுதிசெய்துகொண்டு, தூசு போகக் கழுவி, கொதிநீரில் ஊறவைத்துப் பயன்படுத்தலாம். பாத்திரம் தேய்க்கும் பிளாஸ்டிக் நார் உருண்டைகளும் நன்றாகவே வேலை செய்கின்றன. சவர்க்காரம் ஊட்டியதையும் கிருமிநாசினி கலந்ததையும் மட்டும் கட்டாயம் தவிர்க்க வேண்டும். செராமிக் வளையங்கள் ஏற்கனவே உங்களிடம் இருந்தால் அப்படியே இருக்கட்டும். கசடைப் பிடிக்க அவற்றுக்கு முன்னால் ஒரு ஸ்பாஞ்சை வையுங்கள்.

எதை வாங்கினாலும் அதைப் பேணும் முறை தவறினால் எல்லாம் வீணாகிவிடும். என் முதல் தொட்டியில் அதை நான் துயரத்தோடு கற்றுக்கொண்டேன். சுத்தம் செய்வதாக எண்ணி, எல்லா வடிபொருளையும் குழாயடியில் வைத்து வெண்மையாகும்வரை தேய்த்துக் கழுவினேன். மூன்றாம் நாள் கப்பி மீன்கள் மேற்பரப்பில் வாய் பிளந்து நின்றன, வார இறுதிக்குள் பாதிக்குமேல் மாண்டுபோயின. சிங்கப்பூரின் தண்ணீர் அமைப்பான பொதுப் பயனீட்டுக் கழகம் வழங்கும் குழாய்நீரில் குளோரமின் இருக்கிறது. நம் குடிநீரைப் பாதுகாக்கும் அதே பொருள், வடிகட்டியில் வாழும் நுண்ணுயிரிகளையும் கொன்றுவிடும். வாளியில் ஓரிரவு வைத்தால் போய்விடும் என்பது பழைய குளோரினுக்குப் பொருந்திய வழக்கம். குளோரமின் அப்படிப் போகாது, அதற்குரிய நீர்ச்சீராக்கி மருந்தைக் கலக்கத்தான் வேண்டும். வடிபொருளைத் தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரில் மட்டுமே அலசுங்கள், அதுவும் ஒருமுறைக்குப் பாதியளவே.

நம் குழாய்நீர் மென்மையானது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நுண்ணுயிரிகள் வேலை செய்யும்போது நீரின் காரத்தன்மை குறைந்துகொண்டே போகும். அது தீர்ந்தால் நீர் அமிலமாகி, அவற்றின் வேலையும் தளர்ந்துவிடும். மென்னீரை விரும்பும் மீன் இனங்கள் இல்லாத தொட்டியானால், ஒரு சிறு வலைப்பையில் கைப்பிடியளவு பவளத் துண்டுகளை வடிகட்டிக்குள் வைத்தால் போதும்; அவை மெல்லக் கரைந்து காரத்தன்மையை ஈடுசெய்யும்.

நுண்ணுயிரிகள் பெருகிப் புதிய தொட்டி பக்குவப்பட நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். நோயில்லாத தொட்டி வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடம் பழைய ஸ்பாஞ்சில் ஒரு துண்டு கேட்டு வாங்கி, ஈரம் காயாமல் கொண்டுவந்து வைத்தால், அந்தக் காத்திருப்பு வெகுவாகக் குறையும். இப்படி மிச்சமாகும் பணத்தில் அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் அளக்கும் சோதனைத் துளிகளை வாங்கிக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை சோதித்து, இரண்டும் சுழியமாகவே இருந்தால், உங்கள் வடிகட்டிக்குப் புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை.