விடிந்த பிறகும் நான்கு வருடம்

வணக்கம் நேயர்களே. எனக்கு ஏழு நிமிடம் தந்திருக்கிறார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு தம்பி, நேரம் முடிந்தால் விரலைத் தூக்கிக் காட்டுவதாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். கதைக்கு வருகிறேன்.

நான் இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவன். உயர்தரம் படிக்கிற வயதில், டவுனில் ஒரு கடையின் மேல்மாடியில் கூடிய சின்னக் கூட்டமொன்றில் சேர்ந்தேன். எந்த மதம் என்று சொல்லமாட்டேன். சொன்னால் மற்ற மதக்காரர்கள் நிம்மதியாக ரேடியோவை மூடிவிடுவார்கள். அதன் தலைவரை நாங்கள் 'அப்பா' என்று கூப்பிட்டோம்.

ஏன் சேர்ந்தாய் என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். தோட்டத்து ஆபிசில் எங்கள் ஆட்கள் ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் பேசுவார்கள். அந்த மாடியில் முதல் நாளே, "வாங்க தம்பி" என்று கதிரை இழுத்துப் போட்டார்கள். அவ்வளவுதான். தத்துவமெல்லாம் பிறகு வந்தது.

1999 டிசம்பர் 31 இரவோடு உலகம் முடியும் என்றார் அப்பா. அந்த மாதத்தை நினைத்துப் பாருங்கள். 18ஆம் திகதி கொழும்பில் ஜனாதிபதியின் கூட்டத்தில் குண்டு வெடித்தது, 21ஆம் திகதி தேர்தல். கம்ப்யூட்டரெல்லாம் நின்றுபோகும் என்று பேப்பரில் வேறு போட்டார்கள். நம்புவதற்குப் பெரிய முயற்சி தேவைப்படவில்லை. உலகமே முடியப்போகிறதென்றால் பரீட்சை எதற்கு? எழுதவில்லை. அம்மாவின் தோட்டைக் கேட்டேன். எதற்கு என்றுகூடக் கேட்காமல் கழற்றித் தந்தார். அடகுக்கடைக்குப் போனது, பணம் அப்பாவுக்குப் போனது. காதுத்துளை தூர்ந்துவிடாமல் இருக்க அம்மா அதில் ஈர்க்குக் குச்சி செருகிக்கொண்டார். தோட்டத்தில் இதெல்லாம் புதினமில்லை. கஷ்டம் வந்தால் எல்லா அம்மாமாரின் காதிலும் ஈர்க்கு ஏறும். ஆனால் இது கஷ்டத்துக்காக ஏறிய ஈர்க்கு இல்லை.

அந்த இரவு ஏறக்குறைய அறுபது பேர் மலை உச்சியில் இருந்தோம். டிசம்பர் பனி, கம்பளி நனைந்து கனத்தது. பசி வேறு, மூன்று நாள் உபவாசம். பன்னிரண்டு மணிக்குக் கீழே டவுனில் பட்டாசு வெடித்தது. 'தொடங்கிவிட்டது' என்று ஒரு அக்கா அழுதார். பிறகு ஒன்றுமில்லை. ஒரு மணி, இரண்டு மணி. நாய் குரைத்தது. கிழக்கே வெளுத்தது. ஸ்டோர் சங்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைச் சங்கு, ஊதியது. ஆம், வழக்கமான அதே சங்கு. கீழே பெண்கள் கூடையோடு பெரட்டுக்கு, காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற இடத்துக்கு, போவது தெரிந்தது. சனிக்கிழமை, வேலை நாள். உலகம் முடிந்தாலும் நாள் சம்பளக் கணக்கில் பேர் விழவேண்டுமே!

அப்பா எழுந்து நின்று சொன்னார்: "உங்க ஜெபத்தால நாள் தள்ளிப்போயிருக்கு." நாங்கள் கட்டிப்பிடித்து அழுதோம்.

வீட்டுக்கு வந்தேன். அம்மா இஸ்தோப்பில், வீட்டு முன் திண்ணையில், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டிருந்தார். என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். "ரொட்டி அடுப்படியில இருக்கு. தின்னுட்டுப் படு." அவ்வளவுதான். திட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். காதில் ஈர்க்கோடு அவர் கொழுந்து பறிக்க மலைக்குப் போவதைப் பார்க்க முடியாமல் மறுநாளே மாடிக்கு ஓடினேன்.

உலகம் முடியாத பிறகும் நான்கு வருடம் அங்கே இருந்தேன். பொய் என்று தெரிந்த பிறகும் என்றுதான் சொல்லவேண்டும். இதற்கு விளக்கம் எனக்கு மிகப் பிந்திக் கிடைத்தது. 1954இல் அமெரிக்காவின் சிக்காகோ பக்கத்தில் ஒரு குடும்பப் பெண், டிசம்பர் 21ஆம் திகதி வெள்ளம் வந்து உலகம் அழியும், வேற்றுக் கிரகத்திலிருந்து தனக்குச் செய்தி வந்தது என்றார். லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற உளவியலாளரும் அவருடைய ஆட்களும் பக்தர்களைப் போல உள்ளே நுழைந்து உட்கார்ந்து கவனித்தார்கள். வெள்ளம் வரவில்லை. விடியப்போகிற நேரத்தில் அந்தப் பெண்ணுக்கு இன்னொரு செய்தி: இந்தச் சின்னக் கூட்டம் பரப்பிய ஒளியால் கடவுள் உலகத்தைக் காப்பாற்றிவிட்டார்! எங்கள் மலை உச்சியில் கேட்ட அதே வசனம். அதுவரை பத்திரிகைக்காரரை வாசலில் அண்டவிடாதவர்கள், அதற்குப் பிறகு தாங்களே பத்திரிகைகளுக்கு டெலிபோன் எடுத்தார்கள். வேலையை, வீட்டை விட்டுவிட்டு வந்தவனுக்கு 'ஏமாந்துவிட்டேன்' என்று சொல்ல வாய் வராது. எனக்கு ஒரு பரீட்சையும் ஒரு ஜோடித் தோடும்.

இதையே திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்று வீட்டில் திட்டுவார்கள். சொல்லத்தான் வேண்டும். 'படிக்காத தோட்டத்துச் சனம், அதான் ஏமாறுது' என்று கதைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1995 மார்ச்சில் டோக்கியோ சுரங்க ரயிலில் நச்சுவாயு விட்ட கூட்டத்தில் டாக்டர் இருந்தார், பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் படித்தவர்கள் இருந்தார்கள். அவர்களும் லயத்தில் பிறந்தவர்களா?

வெளியே வந்த கதை சின்னது. பக்கத்து லயத்துப் பையன் ஒருவனை நானே கூட்டிப்போயிருந்தேன். ஒருநாள், "அண்ணே, உயர்தரம் எழுதட்டா?" என்றான். "எதுக்குடா?" என்றது என் வாய். அது அப்பாவின் குரல். அன்றிரவு தூங்கவில்லை. மறுநாள் அவனிடம் போய் எழுதச் சொன்னேன். "நீங்கதானே வேணாம்னீங்க" என்றான். நான் வெளியேறினேன். அவன் இன்னும் இரண்டு வருடம் உள்ளே இருந்தான். அந்தக் கணக்கு என் தலையில்தான்.

வீட்டில் யாராவது இப்படிப் போயிருந்தால் என்ன செய்யலாம் என்று மூன்று விஷயம் எழுதிக்கொண்டு வந்தேன். தம்பி விரலைத் தூக்கிவிட்டார். ஒன்றே ஒன்று. சேமலாப நிதி, வேலை செய்கிற காலத்தில் தொழிலாளியின் பேரில் சேர்கிற பணம். பெண்கள் 50 வயதில் வேலையை விட்டால் அந்தப் பணம் கைக்கு வரும். எங்கள் தோட்டத்தில் எந்த அக்காவுக்கு எப்போது 50 ஆகிறது என்பது ஆபிஸ் கிளாக்கருக்கு முதல் அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. இப்படி யாராவது உங்கள் அம்மாவிடம் பணம் எடுக்கிற படிவத்தை நீட்டினால், கையெழுத்துக்கு முன் யாரிடமாவது காட்டச் சொல்லுங்கள். மற்ற இரண்டும் இன்னொரு நாளைக்கு. மனசு தாங்காதவர்கள் 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கு டெலிபோன் எடுக்கலாம், தமிழிலும் பேசலாம். ஒன்று, ஒன்பது, இரண்டு, ஆறு. சரி தம்பி, முடித்துவிட்டேன். வணக்கம்.