51-வது மீட்டரில் யாருடைய கடை?

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிரணியில் தெம்பாக உட்கார்ந்திருக்கும் தங்கச்சிக்கும் அண்ணாச்சிக்கும், பட்டிமன்றம் கேட்காமல் தாராவியில் சர்க்கரைப் பொங்கல் தொண்டையில் இறங்காது என்று வந்து குவிந்திருக்கும் உங்கள் எல்லாருக்கும் வணக்கம். "பிள்ளைகளின் ஆரோக்கியத்தை வளர்ப்பதில் பெரும்பங்கு பள்ளிக்கூடத்துக்கா, அக்கம்பக்கத்துக்கா?" இதுதான் தலைப்பு. நான் அக்கம்பக்கம் அணி. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இரண்டில் சங்கடமான அணி என்னுடையதுதான். பள்ளிக்கூடம் என்று தீர்ப்பு வந்தால் நாமெல்லாம் நிம்மதியாக வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளலாம், ஹெட்மாஸ்டர் பார்த்துக்கொள்வார். அக்கம்பக்கம் என்று வந்தால் நாளைக் காலையிலிருந்து நமக்கு வேலை இருக்கிறது.

எதிரணித் தங்கச்சி காமராஜரில் ஆரம்பித்தார். கைதட்டல் பலமாக விழுந்தது, நானும்தான் தட்டினேன், அந்தப் பெயரைக் கேட்டால் திருநெல்வேலிக்காரர் கை சும்மா இருக்குமா? 1956-ல் எட்டயபுரத்தில் மதிய உணவு தொடங்கினார், அதனால் பள்ளிக்கூடம்தான் பெரிது என்றார். சரி தங்கச்சி, ஆனால் ஆரம்பத்தில் அந்த அடுப்பு யார் கொடுத்த அரிசியில் எரிந்தது? ஊர்க்காரர்கள் நெல்லும் பருப்பும் காசுமாகக் கொண்டுவந்து கொட்டித்தான் சமையல் நடந்தது. கல்வித்துறை இயக்குநராக இருந்த நெ.து.சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போய்ப் பெரிய மனிதர்களிடம் கேட்டு வாங்கியதும், பள்ளிச் சீரமைப்பு மாநாடு என்று கூட்டம் போட்டு மணி, பெஞ்சு, கட்டடம் என்று ஊரையே கொடுக்க வைத்ததும் நம் தாத்தாக்கள் சொன்ன கதைதான். அரசாங்கம் பங்கு போட்டது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சோறு போட்டது ஊர். பந்தி நடந்த இடம்தான் பள்ளிக்கூடம்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. நான் விடிகாலை 3 மணிக்கு எழுந்து இட்லி ஊற்றுகிறவள், என் வீட்டுக்காரர் அதைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஹார்ன் அடித்துப் போகிறவர், கணக்கு எங்களுக்குப் பழக்கம். 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டம், ஒன்று முதல் ஐந்து வகுப்பு வரை வருஷத்துக்கு 200 நாள், 800 மணி நேரம் பாடம் நடந்தால் போதும் என்கிறது. ஒரு வருஷத்தில் மொத்தம் 8760 மணி நேரம். 800-ஐக் கழித்தால் 7960. அந்த 7960 மணி நேரமும் பிள்ளை எங்கே இருக்கிறது? கோலி என்று நாம் சொல்லும் என் ஒற்றை அறை வீட்டில், உங்கள் சந்தில், அடுத்த வீட்டு மாடிப்படியில். பள்ளிக்கூடச் சாப்பாட்டைப் பற்றியும் பெருமையாகச் சொன்னார்கள், பெருமைதான், தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 450 கலோரி, 12 கிராம் புரதம் என்று அளவு வைத்திருக்கிறார்கள். ஏழெட்டு வயசுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 1700 கலோரி வேண்டும். மீதியை யார் போடுவது? ஞாயிற்றுக்கிழமை யார் போடுவது?

அதை விடுங்கள், பள்ளிக்கூடத்தில் சேருவதற்கு முன்னாலேயே பாதிக் கதை முடிந்துவிடுகிறதே. தாய் வயிற்றில் தங்கிய நாளிலிருந்து இரண்டு வயசு வரை உள்ள ஆயிரம் நாள்தான் உயரத்துக்கும் மூளைக்கும் அஸ்திவாரம் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், இந்தியாவில் ஐந்து வயசுக்குள் இருக்கும் பிள்ளைகளில் 35.5 சதவீதம் வயசுக்கு ஏற்ற உயரம் இல்லை. இவர்களில் ஒருவர்கூட ஒன்றாம் வகுப்புப் பெஞ்சில் உட்கார்ந்ததில்லை. அங்கன்வாடி இருக்கிறதே என்று அண்ணாச்சி இப்போது தலையாட்டுகிறார். அண்ணாச்சி, 1975 அக்டோபர் 2-ல் அந்தத் திட்டம் தொடங்கும்போதே அதைப் பள்ளிக்கூடத்துக்குள் வைக்காமல் சந்துக்குள் வைத்தார்கள். அங்கன்வாடி அக்கா நம் தெருக்காரி, உங்கள் அணிக்கு அவரைக் கடன் கொடுக்க முடியாது.

அடுத்தது மாத்திரை. பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10, தேசியக் குடற்புழு நீக்க நாள், பள்ளிக்கூடத்தில் வரிசையில் நிறுத்தி அல்பெண்டசோல் கொடுக்கிறார்கள், 2015-லிருந்து நடக்கிறது. நல்ல காரியம். அந்த மாத்திரை வயிற்றில் இப்போது இருக்கும் பூச்சியைக் கொல்லும். நாளை வரப்போகும் பூச்சியை அதற்குத் தெரியாது. மாத்திரை போட்ட பிள்ளை சாயங்காலம் சந்துக்கு வந்து, சாக்கடையில் விழுந்த பந்தைக் கையை விட்டு எடுத்து, டிராயரில் துடைத்துக்கொண்டு, அதே கையால் பேல்பூரி தின்றால் பூச்சி முட்டை திரும்ப உள்ளே போய்விட்டது. பொதுக் கழிப்பறை வாசலில் ஒரு வாளித் தண்ணீரும் ஒரு சோப்பும் இருக்கிறதா இல்லையா என்பதுதான் அந்த மாத்திரையின் ஆயுசு. சோப்பை வைத்தால் அன்றைக்கே காணாமல் போகிறது என்பீர்கள். எங்கள் பக்கத்திலும் காணாமல்தான் போனது. அப்புறம் பழைய நைலான் சாக்ஸில் போட்டுக் குழாயோடு கட்டிவிட்டோம், இப்போது சோப்பு தேய்ந்துதான் தீருகிறது.

இரும்புச்சத்து மாத்திரையும் அப்படித்தான். வாரம் ஒரு நாள் பெரிய பிள்ளைகளுக்கு நீல மாத்திரை. அதே கணக்கெடுப்பில் 15 முதல் 19 வயசுப் பெண்பிள்ளைகளில் 59.1 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பத்துப் பேர் வரிசையில் நின்றால் ஆறு பேர். இங்கேதான் எனக்கே என்மேல் கோபம். பம்பாயில் நாம் பிள்ளைகளுக்கு எதைப் பழக்கியிருக்கிறோம்? டீ. காலையில் டீயும் காரி பிஸ்கட்டும், பள்ளி விட்டு வந்ததும் கட்டிங் என்று அரை டம்ளர் டீ. நாலு வயசுப் பையன் காரியை டீயில் முக்கித் தின்பதைப் பார்த்து, பெரிய மனுஷன் மாதிரி இருக்கிறான் பார் என்று சிரிக்கிறோம். டீயில் இருக்கும் துவர்ப்பு, சாப்பாட்டில் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. முருங்கைக்கீரையைப் பொரியல் பண்ணிப் போட்டுவிட்டு கையோடு ஒரு டம்ளர் டீயையும் கொடுத்தால் கீரையை ஆய்ந்த நேரம்கூட வீண். கீரையோடு ஒரு துண்டு எலுமிச்சம்பழம் பிழிந்தால் சேரும், டீயை ஒரு மணி நேரம் தள்ளிப் போட்டால் சேரும். இதை எந்த டீச்சர் என் அடுப்பங்கரையில் வந்து நின்று செய்துகொடுப்பார்? என் மாமியாரிடம் பேரனுக்கு டீ கொடுக்காதே என்று சொல்லும் தைரியம் எந்த அரசாங்கத்துக்கு உண்டு?

இப்போது என் மூத்த மகள் கதை. பள்ளிக்கூடத்தில் கண் பரிசோதனை நடந்தது, எந்தப் பள்ளிக்கூடம் என்பது வேண்டாம், அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை, ஒரே நாளில் அத்தனை பிள்ளைகளைப் பார்க்க வேண்டுமே. இவளுக்குப் பார்வை நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார்கள். பக்கத்துக் கோலிப் பாட்டிக்கு ஊர் வள்ளியூர், இங்கே வந்து நாற்பது வருஷமாகியும் பஸ்ஸின் முன்னால் மராத்தியில் எழுதியிருக்கும் எண்ணைப் படிக்கத் தெரியாது. மாட்டுங்கா மார்க்கெட்டுக்குப் போவதென்றால் என் மகளைக் கூட்டிக்கொண்டு ஸ்டாப்பில் நிற்பார், இவள் தூரத்தில் வரும்போதே பார்த்துச் சொன்னால் பாட்டி கையைக் காட்டி ஏறிவிடுவார். ஒரு நாள் இவள் சொன்ன பஸ்ஸில் ஏறி பாட்டி பாந்த்ராவில் போய் இறங்கினார். இன்னொரு நாளும் அப்படியே. திரும்பி வந்தவர் கோபப்படவில்லை. அவளைச் சந்து முனையில் நிறுத்தி, மேலே காயும் சேலையில் என்ன பூ என்று கேட்டார். சேலை தெரிந்தது, பூ தெரியவில்லை. அப்புறம்தான் உண்மை வந்தது. பள்ளிக்கூடத்தில் வரிசையில் நிற்கும்போது முன்னால் நின்ற பிள்ளைகள் சொன்ன எழுத்துகளைக் கேட்டு மனப்பாடம் பண்ணிவிட்டாள்! படிப்பில் இந்தக் கெட்டிக்காரத்தனம் இருந்தால் நான் ஏன் இட்லி ஊற்றுகிறேன். இப்போது கண்ணாடி போட்டிருக்கிறாள், முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறாள், நான் சொன்னதற்காக முறைக்கிறாள்.

நடுவர் ஐயா, பள்ளிக்கூடத்துக்கு வரும் டாக்டர் குழு வருஷத்துக்கு ஒருமுறை வரும். பாட்டி தினமும் வாசலில் உட்கார்ந்திருக்கிறார்.

கொசு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், எல்லாருக்கும் தெரிந்ததுதான். தண்ணீர் வரும் கொஞ்ச நேரத்தில் டிரம்மில் பிடித்து வைக்கிறோம், டெங்குக் கொசுவுக்கு அந்த நல்ல தண்ணீர்தான் பிரசவ வார்டு. முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். என் டிரம்மை நான் வாரா வாரம் தேய்த்துக் கழுவினாலும், எதிர் கோலிக்காரர் கழுவாவிட்டால் என் பிள்ளைக்குக் காய்ச்சல். இதற்குப் பள்ளிக்கூடம் என்ன செய்யும், எதிர் கோலிக்காரரை பெஞ்சுமேல் ஏற்றுமா?

மனசைப் பற்றி எதிரணியில் யாரும் பேசவில்லை. ஆரோக்கியம் என்றால் காய்ச்சல் இல்லாதது மட்டும் இல்லையே. 1098 என்று ஓர் எண் இருக்கிறது, ஆபத்தில் இருக்கும் பிள்ளைக்கு உதவ, 1996-ல் நம் பம்பாயில்தான் அது பிறந்தது, பிறகு நாடு முழுக்கப் போனது. அந்த எண்ணைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்தான் அழுத்த வேண்டும். நம் சுவர்கள் எவ்வளவு மெல்லிசு என்று உங்களுக்கே தெரியும், பக்கத்து வீட்டில் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று சொல்லிவிடுவோம். ஒரு பிள்ளை ராத்திரி அடி வாங்குவது மட்டும் கேட்கவில்லையா? கேட்டது. நானும் கேட்டேன், அடுத்தவர் குடும்பம் என்று இருந்துவிட்டேன், ஒரு மழைக்காலம் முழுக்க. அந்தப் பையன் இப்போது ஊரில் ஆச்சி வீட்டில் இருக்கிறான்.

2020-ஐ மறந்திருக்க மாட்டீர்கள். பள்ளிக்கூடத்துக்குப் பூட்டுப் போட்டார்கள், ஏப்ரல் 1-ஆம் தேதி தாராவியில் முதல் ஆளுக்கு நோய், உலகமே நம்மைப் பார்த்துப் பயந்தது. அந்த மாதங்களில் பிள்ளைகளுக்குச் சோறு பெரிய அண்டாவில் சந்து முனையில்தான் வெந்தது.

எதிரணி அண்ணாச்சி ஒரு நல்ல அடி அடித்தார், அதற்குப் பதில் சொல்லாமல் போகக்கூடாது. "பள்ளிக்கூடத்தில் மைதானம் இருக்கிறது, உன் சந்தில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் பக்கவாட்டில் திரும்ப வேண்டும், பிள்ளை எங்கே ஓடும்?" என்றார். ஒப்புக்கொள்கிறேன். பிள்ளைக்கு நாளைக்கு ஒரு மணி நேரமாவது மூச்சிரைக்க ஆட்டம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, அந்த இடம் எங்களிடம் இல்லை. ஆனால் அண்ணாச்சி, பல பள்ளிக்கூட மைதானங்கள் சாயங்காலம் ஆறு மணிக்கு எப்படி இருக்கின்றன? பூட்டு. வாட்ச்மேன், ஒரு நாய், நடுவில் காலி இடம். அதைத் திறந்து கொடுங்கள் என்று நாற்பது தாய்மார்கள் போய் நின்றால் திறக்கும், ஒருத்தி போனால் திறக்காது. நான் ஒருத்தியாகப் போய்ப் பார்த்தவள்.

கடைசியாக அந்த 50 மீட்டர். 2020-ல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி போட்டது: கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் எக்கச்சக்கமாக உள்ள தின்பண்டங்களைப் பள்ளிக்குள்ளும், வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக்கூடாது. எதிரணி இதை வெற்றி மாதிரி சொன்னார்கள். 51-வது மீட்டரில் கடை போட்டிருப்பது யார்? நம் மாமா. வாங்கிக் கொடுப்பது யார்? அழுகையை நிறுத்த அஞ்சு ரூபாய் நீட்டும் நாம்.

போன வருஷம் எங்கள் சந்தில் ஆறு பெண்கள் சேர்ந்து மளிகைக்கடை அண்ணாச்சியிடம் போனோம். முன்னால் தோரணமாகத் தொங்கும் சிப்ஸ் பாக்கெட்டையெல்லாம் உள்ளே தள்ளுங்கள், பிள்ளை கைக்கு எட்டும் உயரத்தில் வாழைப்பழமும் கடலை மிட்டாயும் பொரிகடலையும் வையுங்கள் என்றோம். வியாபாரம் போகும் என்றார். போனால் நாங்கள் மாசச் சாமான் முழுவதும் உங்களிடமே வாங்குகிறோம் என்றோம். இரண்டு மாசம் நடந்தது. பிறகு எங்களில் இரண்டு பேர் விலை குறைவு என்று வேறு கடைக்குப் போய்விட்டோம், நியாயமாக அவர் சிப்ஸைத் திரும்ப முன்னால் கட்டிவிட்டார். அந்த இரண்டு பேரில் ஒருத்தி நான். வாழைத்தாரை மட்டும் அவர் எடுக்கவில்லை, தினமும் ஒரு தார் ஓடுகிறதாம், நேற்றுக்கூடக் கேட்டேன்.

நடுவர் ஐயா மணியில் கை வைத்துவிட்டார். நாளைக்கு மாவு ஆட்டவும் இருக்கிறது, உட்காருகிறேன். வணக்கம்.