கூலிக்கு மாரடிக்கிற கூட்டமா எங்கள் மாணவர்கள்?

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். பல்கலைக்கழகப் படிப்பைப் பற்றிப் புதிதாகச் சேர வருகிறவர்களிடம் எடுத்துச் சொல்லத் தகுந்தவர்கள் நிர்வாகத்தினரா, அங்கே இப்போது படிக்கிற மாணவர்களா? இதுதான் தலைப்பு. மாணவர்களே என்று சொல்ல வந்திருக்கிறேன்.

பாடத்திட்டமும் ஆய்வக வசதியும் பேராசிரியர் தகுதியும் நிர்வாகத்துக்குத்தான் தெரியும் என்று எதிரணியில் முதலில் பேசிய அம்மா சொன்னார்கள். சரி, தெரியட்டும். அதையெல்லாம் கையேட்டில் அச்சடித்துக் கொடுங்கள், யார் வேண்டாம் என்றது? அதற்கு மேல் அதில் நேரம் செலவழிக்க மாட்டேன். அவருக்கு அடுத்துப் பேசிய அண்ணன் போட்டாரே ஒரு போடு, அதற்குப் பதில் சொல்லாமல் இந்த மேடையை விட்டு நான் இறங்குவதாக இல்லை.

என்ன சொன்னார்? ஓப்பன் டே அன்று, அதாவது சேர நினைக்கிறவர்கள் வளாகத்தைப் பார்க்க வருகிற நாளில், பல்கலைக்கழகப் பெயர் போட்ட டி-ஷர்ட்டோடு நின்று அவர்களுக்கு வழிகாட்டுகிற மாணவத் தூதர்கள் 'கூலிக்கு மாரடிக்கிற கூட்டம்' என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். தட்டிய கையை அப்படியே மடியில் வைத்துக்கொண்டு ஒரு கதை கேளுங்கள். கதை என்றால் கட்டுக்கதை இல்லை, நடந்தது.

2000-ம் ஆண்டு. அமெரிக்காவில் மேடிசன் நகரத்தில் இருக்கிற விஸ்கான்சின் பல்கலைக்கழகம் புது விண்ணப்பக் கையேடு போடுகிறது. அட்டையில் ஒரு படம். அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் பார்க்க வந்த மாணவர் கூட்டம், ஆரவாரம், சிரிப்பு. பார்த்தாலே சேர வேண்டும்போல இருக்கும். ஒரே ஒரு சிக்கல். அந்தக் கூட்டத்தில் ஒரு கறுப்பின முகம்கூட இல்லை. எல்லா இனத்துப் பிள்ளைகளும் எங்களிடம் படிக்கிறார்கள் என்று காட்ட வேண்டுமே, என்ன செய்வது? செய்தார்கள். வேறு எங்கோ, வேறு எப்போதோ எடுத்த படத்திலிருந்து ஒரு கறுப்பின மாணவரின் முகத்தைக் கணினியில் வெட்டி எடுத்து, கூட்டத்துக்கு நடுவில் ஒட்டினார்கள்.

அவையோரே, அவசரப்படாமல் அந்த அட்டையை ஒரு முறை பாருங்கள். கூட்டம் உண்மை. மைதானம் உண்மை. ஒட்டிய முகமும் உண்மைதான், அந்தப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த மாணவருடைய முகம்தான் அது. ஆனால் அந்த மாணவர் ஒரு கால்பந்து ஆட்டத்துக்குக்கூடப் போனதில்லை! அவருடைய முகம் போய் வந்திருக்கிறது, அவர் போகவில்லை. அவர் பாட்டுக்கு வகுப்புக்குப் போய்க்கொண்டிருக்கிறார், அவர் முகம் அட்டையில் யாரையோ ஆரவாரம் செய்து வரவேற்கிறது. அவரிடம் யாரும் கேட்கவில்லை. 'தம்பி, உன் முகத்தை இங்கே வைக்கலாமா?' என்று ஒரு வார்த்தை? இல்லை.

இந்த வேலையைக் கண்டுபிடித்தது யார்? ஒரு பேராசிரியரா? ஆட்சிக்குழுவா? அதே வளாகத்தின் மாணவர் பத்திரிகை! விஷயம் நாடு முழுக்கப் பரவி, பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது, அட்டையை மாற்றி மறுபடி அச்சடித்தது. எதிரணியினர் கவனிக்க வேண்டும்: பொய்யை ஒட்டியது நிர்வாகம், அதைப் பிய்த்து எடுத்தது மாணவர்கள்.

கதை இன்னும் முடியவில்லை, அண்ணனுக்கான இடம் இனிமேல்தான் வருகிறது. அந்த மாணவர் வழக்குப் போட்டார். நியாயப்படி என்ன கேட்டிருக்கலாம்? 'என் முகத்தைக் கேட்காமல் எடுத்தீர்கள், எனக்கு இவ்வளவு பணம் கொடுங்கள்' என்று கேட்டிருக்கலாம். கேட்டால் யாரும் குறை சொல்ல முடியாது. அவர் கேட்டது வேறு. எனக்குக் கொடுக்க வேண்டாம், என்னைப் போன்ற சிறுபான்மை மாணவர்களை உண்மையாகவே இங்கே கொண்டுவந்து சேர்ப்பதற்கு நிதி ஒதுக்குங்கள் என்றார். படத்தில் ஒட்டிக் காட்டியதை நிஜத்தில் செய்து காட்டுங்கள் என்றார். அண்ணே, கூலிக்கு மாரடிக்கிறவர் பேசுகிற பேச்சா இது?

அது ஒருவருடைய பெருந்தன்மை, எல்லா மாணவரும் அப்படியா என்று கேட்பீர்கள். கேளுங்கள். பல நாடுகளில் மாணவத் தூதர்களுக்கு மணிக்கணக்கில் ஊதியம் கொடுக்கிறார்கள். உண்மை. நான் மறைக்கப் போவதில்லை. காலையிலிருந்து வெயிலில் நின்று, வழி காட்டி, வந்தவர் நூறு பேரும் கேட்கிற ஒரே கேள்விக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்கிற பிள்ளைக்கு ஊதியம் கொடுக்காமல் விட்டால் அதற்குப் பெயர் சுரண்டல். கொடுக்கத்தான் வேண்டும்.

அப்புறம், சம்பளம் வாங்கினால் பொய் வந்துவிடும் என்றால், நிர்வாக அலுவலர் சம்பளம் வாங்கவில்லையா? விளம்பர நிறுவனம் வாங்கவில்லையா? 2017-ல் பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம் 6 பல்கலைக்கழகங்களின் விளம்பர வாசகங்கள் மக்களைத் தவறாக வழிநடத்துகின்றன என்று முடிவு சொன்னது. 'உலகப் பல்கலைக்கழகங்களில் முதல் 1 சதவீதத்தில் இருக்கிறோம்' என்பது மாதிரியான வாசகங்கள். அவை டி-ஷர்ட் போட்ட பிள்ளைகள் வாய்தவறிச் சொன்னவை இல்லை. பல்கலைக்கழகங்கள் தங்கள் பெயரிலேயே வெளியிட்ட விளம்பரங்கள்.

ஊதியம் வாங்குவதில் குற்றம் இல்லை நடுவர் அவர்களே, வாங்கியதை மறைப்பதில்தான் குற்றம். பரிந்துரை செய்கிறவர் தனக்கும் நிறுவனத்துக்கும் உள்ள தொடர்பைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வணிகத்தில் ஏமாற்று நடக்காமல் கண்காணிக்கிற அமெரிக்க அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷனின் நெறிமுறையும் கேட்கிறது. மாணவத் தூதர் அந்தத் தொடர்பை எங்கே ஒளித்துவைக்கிறார்? நெஞ்சில் எழுதி மாட்டிக்கொண்டு நிற்கிறார்! அண்ணன் பழித்தாரே அந்த டி-ஷர்ட், அதைவிட வெளிப்படையான அறிவிப்பு வேறு எது? ரகசியமாகப் பணம் கொடுத்துப் 'பொதுஜனம்' போல இணையத்தில் பாராட்டு எழுத வைத்தால், அதை எதிர்ப்பதில் அண்ணனோடு நானும் நிற்பேன்.

அமெரிக்க வளாகங்களில் சுற்றிக்காட்டும் மாணவர்கள் பின்னோக்கி நடப்பது வழக்கம். கட்டடங்களுக்கு முதுகைக் காட்டி, வந்த குடும்பங்களுக்கு முகத்தைக் காட்டி நடப்பார்கள். இது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். நூலகம் எத்தனை மாடி என்பது சுற்றுலாக் கையேட்டு வேலை. எந்தப் பிள்ளை கூட்டத்தின் கடைசியில் வாயைத் திறக்காமல் வருகிறது என்பது அப்படி நடக்கிறவருக்குத்தான் தெரியும்.

என் தோழி ஒருத்தி மாணவத் தூதராக நின்ற நாள் எனக்கு நினைவிருக்கிறது. நானும் அங்கே இருந்தேன். அரங்கத்தில் துறைத்தலைவர் பேசி முடித்து, 'கேள்வி இருக்கிறதா?' என்றார். யாரும் கை தூக்கவில்லை. எல்லாரும் வெளியே வந்த பிறகு, சான்றிதழ் கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓர் அப்பா, அவர் பின்னால் பாதி மறைந்து ஒரு பெண். அந்தப் பெண் என் தோழியிடம் வந்து கேட்டாள்: 'அக்கா, வகுப்பில் புரியலைன்னு எழுந்து கேட்டா சிரிப்பாங்களா?'

இந்தக் கேள்வியைத் துறைத்தலைவரிடம் கேட்க முடியுமா? கேட்டால்தான் அவர் என்ன சொல்வார்? 'இங்கே அனைவரும் சமமாக நடத்தப்படுகிறார்கள்' என்பார். தோழி சொன்னாள்: 'முதல்ல ஒண்ணு ரெண்டு பேர் சிரிப்பாங்க. பரீட்சை வந்ததும் அவங்களே உன்கிட்ட நோட்டுக் கேட்டு வருவாங்க.' அந்தப் பெண் சிரித்துவிட்டாள்.

அப்பா அதுவரை பேசவே இல்லை. மகளைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: 'எங்க வீட்ல காலேஜ் வாசல் மிதிச்சவங்க யாரும் இல்லம்மா. பிள்ளை தாங்குமா?'

தோழி கையேட்டைப் பிரிக்கவில்லை. வேலைவாய்ப்பு விழுக்காடு சொல்லவில்லை. 'எங்க வீட்லயும் யாரும் இல்லைங்க ஐயா. நான் தாங்கிட்டுத்தான் இருக்கேன்' என்றாள். அந்த மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. அவளுக்கும்தான்.

அண்ணே, அந்தப் பதிலுக்கு எந்த நிர்வாகம் எவ்வளவு கூலி கொடுத்து எழுதி வாங்கும்? எந்த வேந்தர், எந்தப் பதிவாளர் அந்த வாக்கியத்தைத் தன் வாயால் சொல்ல முடியும்? எங்கள் பிள்ளைகளின் முகத்தை வெட்டி ஒட்ட வேண்டாம். கேட்டுக் கூப்பிடுங்கள், ஊதியம் கொடுங்கள், குறையையும் சேர்த்துப் பேச விடுங்கள்.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே, முடித்துவிட்டேன். தீர்ப்பு எழுதும்போது அந்த அப்பாவை ஒரு நிமிடம் நினைத்துவிட்டு எழுதுங்கள். நன்றி, வணக்கம்.