இருவினையொப்பு: சைவ சித்தாந்தம் காட்டும் வினையும் வீடும்

வணக்கம். புண்ணியத்தைச் சேர்த்துக்கொண்டே போனால் ஒரு நாள் வீடுபேறு தானாகக் கிட்டிவிடும் என்று நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் 12 சூத்திரங்களில் அருளிய சிவஞானபோதத்தைத் தலைநூலாகக் கொண்ட சைவ சித்தாந்தம் இந்த எண்ணத்தை ஏற்பதில்லை. நல்வினையின் பயன் இன்பம்; அந்த இன்பத்தை நுகர ஓர் உடம்பு வேண்டும்; உடம்பு வந்தால் மறுபடியும் வினை வரும். ஆகவே தீவினையைப் போலவே நல்வினையும் உயிரைப் பிறவியில்தான் கொண்டுவந்து சேர்க்கிறது.

[திரையில்: சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம்]

பல பிறவிகளில் ஈட்டப்பட்டு இன்னும் நுகரப்படாமல் கிடப்பது சஞ்சிதம். அதிலிருந்து இப்பிறவியில் நுகர்வதற்கென வந்தது பிராரத்தம். அதை நுகரும்போது விருப்பினாலும் வெறுப்பினாலும் நாம் புதிதாகச் சேர்த்துக்கொள்வது ஆகாமியம். எல்லாம் தலைவிதி என்று சொல்லி ஓய்ந்துவிடுபவர்கள் இந்த மூன்றாவதை மறந்துவிடுகிறார்கள்.

இந்த வினைப்பயனை உயிரோடு சேர்த்துவைப்பது யார்? வேள்வியில் பிறக்கும் அபூர்வம் என்ற ஆற்றலே உரிய காலத்தில் பயனைத் தரும் என்றனர், வேத வேள்விகளை முதன்மையாகக் கொண்ட மீமாம்சகர். வினை என்பது உயிரில் வந்து ஒட்டும் நுண்பொருள், அது தானே பயனளிக்கும் என்றனர் சமணர். சித்தாந்திகள் இவ்விரண்டையும் ஏற்கவில்லை. வினையோ அறிவில்லாத சடம். செய்தவர் யார், பயன் சேர வேண்டிய காலம் எது என்பதை அது அறியாது. உயிருக்கோ தனக்குரிய துன்பத்தைத் தானே தேடி எடுத்துக்கொள்ளும் இயல்பு கிடையாது. எனவே இறைவனே வினைப்பயனைக் கூட்டி ஊட்டுகிறான் என்பது சித்தாந்திகளின் முடிவு. அநாதியாக உயிரின் அறிவை மறைத்து நிற்கும் ஆணவ மலம், இந்த நுகர்ச்சியால்தான் சிறிது சிறிதாக வலி குன்றிப் பக்குவப்படுகிறது என்பதால், அவன் தரும் துன்பமும் அருளே என்று அவர்கள் கொண்டனர்.

அந்தப் பக்குவத்தோடு சேர்ந்து வரும் நிலைதான் இருவினையொப்பு. நல்வினையும் தீவினையும் அளவில் சமமாகி ஒன்றையொன்று கழித்துக்கொள்வது என்று இதற்குப் பொருள் சொல்பவர்கள் உண்டு, அது பொருந்தாது. வினையின் அளவு எதுவாயினும், அவற்றின் பயன்களில் ஒன்றை விரும்பாமலும் மற்றொன்றை வெறுக்காமலும் உயிரின் அறிவு ஒத்து நிற்பதே இருவினையொப்பு.

[காட்சி: திருப்புகலூர்க் கோயில்]

இதைக் கண்ணால் காண வேண்டுமானால் 7ஆம் நூற்றாண்டின் திருநாவுக்கரசரைப் பார்க்க வேண்டும். பெரியபுராணத்தில் சேக்கிழார் சொல்கிறார்: புகலூர்க் கோயிலில் நாவுக்கரசர் உழவாரத்தால் புல்லைச் செதுக்கிக்கொண்டிருந்தபோது, அந்த இடத்தில் பொன்னும் நவமணிகளும் கிடந்து ஒளிவீசின. அவர் அவற்றைப் பருக்கைக் கற்களோடு வேறுபாடு காணாமல் உழவாரத்தில் ஏந்தித் தாமரைக் குளத்தில் எறிந்தார். பொன்னை அவர் இகழவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இகழ்ந்திருந்தால் அதுவும் ஒரு பற்றாகவே இருந்திருக்கும்.

இவரே முன்பு சூலை என்னும் கொடிய வயிற்று நோயால் துடித்தவர். அப்போது தமக்கையார் திலகவதியார், தம்பி செய்த வினையை அனுபவிக்கட்டும் என்று விட்டுவிடவில்லை. திருநீறு கொடுத்துத் திருவதிகைத் திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்றார். பிறர் துன்பத்தைக் கண்டும் 'அவர் வினை' என்று கைவிரிப்பதற்கு வினைக் கொள்கையைத் துணைக்கு அழைப்பவர்கள், இந்த அம்மையாரை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும் என்று மனமார வேண்டுகிறேன்.

இருவினையொப்பும், ஆணவ மலம் பக்குவப்படுதலாகிய மலபரிபாகமும் வாய்த்த உயிரில் சத்திநிபாதம், அதாவது திருவருள் பதிதல், நிகழ்கிறது. இறைவன் குருவாக வந்து ஞானம் உணர்த்துகிறான். அப்போது சஞ்சிதம், தீயில் வெந்த வித்து முளைக்காததுபோல, பிறவிக்கு ஏதுவாகாமல் அழிகிறது. பிராரத்தம் மட்டும் உடம்பு உள்ளவரை நின்று நுகர்ந்து கழிகிறது. ஞானியருக்கும் பசியும் நோயும் வருவது இதனால்தான். ஆகாமியத்தின் நிலையைச் சிவஞானபோதத்தின் 10ஆம் சூத்திரம் கூறுகிறது: உயிர் தன் செயல் என்று ஒன்றில்லாமல் 'இறைபணி நிற்க', மலமும் மாயையும் வல்வினையும் அதைப் பற்றுவதில்லை.

இவ்வாறு விடுபட்ட உயிர் இல்லாமல் போய்விடுவதில்லை. இறைவனோடு பிரிவின்றிக் கலந்து நின்று பேரின்பத்தை நுகர்கிறது. உடம்போடு இருக்கும்போதே இந்நிலையை எய்தியவர் சீவன்முத்தர். எல்லாம் கடந்த அவர்களுக்கு இனி என்ன வேலை என்ற கேள்விக்கு, அடியார் திருவேடத்தையும் ஆலயத்தையும் சிவன் எனவே கண்டு தொழுவார்கள் என்று 12ஆம் சூத்திரம் விடை தருகிறது. ஓட்டுத் துண்டையும் செம்பொன்னையும் ஒன்றாகவே நோக்கும் அடியார்கள், அன்பினால் கும்பிடுவதைத் தவிர வீட்டையும் வேண்டமாட்டார்கள் என்று சேக்கிழார் பாடியதும் இந்த நிலையைத்தான்.