குறைவாகக் கற்றுக்கொடு, திரும்பத் திரும்ப ஆடு: பயிற்சியாளர் மைக் லீச்

வணக்கம் நேயர்களே. அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் 1987 முதல் 2022 வரை வேலை பார்த்த மைக் லீச் என்ற பயிற்சியாளரைப் பற்றி இன்று பேசுகிறேன்.

இந்த விளையாட்டைப் பார்த்திராதவர்களுக்கு முதலில் இரண்டு வரி. பக்கத்துக்கு 11 பேர். முட்டை வடிவப் பந்து. பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள். அதற்குள் 10 யார்டு முன்னேறியாக வேண்டும். ஒவ்வொரு முயற்சிக்கும் யார் எங்கே ஓட வேண்டும், பந்து யாரிடம் போக வேண்டும் என்று முன்கூட்டியே வகுத்த திட்டம் ஒன்று உண்டு. அதைப் 'பிளே' என்பார்கள். எந்தப் பிளே எப்போது என்று முடிவு செய்பவர் பெரும்பாலும் ஆஃபென்ஸிவ் கோஆர்டினேட்டர். களத்தில் அதை நடத்தி, பந்தை எறிபவர் குவார்ட்டர்பேக்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒரு வழக்கமான ஏணி இருக்கிறது. கல்லூரி அணியில் ஆடுவார்கள். பிறகு மேற்படிப்பு படித்துக்கொண்டே அணியில் உதவியாளராகச் சேர்ந்து, எதிரணியின் வீடியோக்களை வெட்டி அடுக்குவார்கள். பிறகு ஒரு பிரிவுக்குப் பயிற்சியாளர், கோஆர்டினேட்டர், கடைசியில் ஹெட் கோச். லீச் கல்லூரி ஃபுட்பால் ஆடியதே இல்லை. யூட்டாவில் உள்ள பிரிகம் யங் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கி, 1986இல் பெப்பர்டைனில் சட்டம் முடித்தார். வக்கீலாகப் போகாமல் 1987இல் கலிபோர்னியாவின் கால் பாலியில் உதவியாளராகச் சேர்ந்தார். 1989இல் பின்லாந்துக்குப் போய் போரி பேர்ஸ் என்ற அணிக்குப் பயிற்சி கொடுத்தார். அதே ஆண்டு அயோவா வெஸ்லியன் என்ற சின்னக் கல்லூரியில் ஹால் மம்மி என்ற ஹெட் கோச்சிடம் வந்து சேர்ந்தார். அவர் வாழ்க்கையின் திருப்பம் அதுதான்.

மம்மியும் லீச்சும் சேர்ந்து வளர்த்த ஆட்டமுறைக்கு 'ஏர் ரெய்டு' என்று பெயர். அதன் வேர் பிரிகம் யங்கில் லவெல் எட்வர்ட்ஸ் என்ற பயிற்சியாளர் நடத்திய, பந்தை எறிந்து ஆடும் பாஸ் ஆட்டம். இருவரும் செய்ததில் மிக முக்கியமானது, அதிலிருந்து கழித்துக்கொண்டே போனதுதான். மற்ற அணிகள் நூற்றுக்கணக்கான பிளேக்களைத் தடித்த புத்தகமாகப் போட்டு மாணவர்கள் கையில் கொடுத்த காலம். லீச் அப்படிப் புத்தகம் கொடுப்பதில்லை. போட்டி நாளில் அவர் கையில் ஒரு சின்னத் தாள் மட்டும் இருக்கும்.

இது வெறும் பிடிவாதம் அல்ல, கணக்கும் இதில் இருக்கிறது. தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் விதிப்படி, போட்டிப் பருவத்தில் ஒரு மாணவரை வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் விளையாட்டு வேலையில் வைத்திருக்க முடியாது. வீடியோ பார்ப்பது, கூட்டம், எடைப் பயிற்சி எல்லாம் அதற்குள் அடக்கம். அந்த நேரத்தில் 100 பிளே சொல்லிக்கொடுத்தால் ஒவ்வொன்றையும் ஒன்றிரண்டு தடவைதான் ஆடிப் பார்க்கலாம். சிலவற்றோடு நிறுத்திக்கொண்டால் ஒவ்வொன்றும் கால் தானாக ஓடும் அளவுக்குப் பழகிவிடும்.

அப்படிப் பழகியதில் ஒன்றைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். 'மெஷ்' என்று பெயர். இடப்பக்கத்திலிருந்து ஒரு ரிசீவர் (பந்தைப் பிடிப்பவர்), வலப்பக்கத்திலிருந்து ஒரு ரிசீவர், இருவரும் மைதானத்தின் நடுவை நோக்கிக் குறுக்கே ஓடுவார்கள். ஒருவர் ஏறக்குறைய 6 யார்டு ஆழத்தில் ஓடுவார். ஆழத்தை முடிவு செய்வது அவர் பொறுப்பு. மற்றவர் அவருக்கு அடியில், கையை நீட்டினால் தொட்டுவிடும் நெருக்கத்தில் கடக்க வேண்டும். பயிற்சியில் நிஜமாகவே கையைத் தட்டிக்கொண்டு கடக்கச் சொல்வார்கள். இருவருக்கும் நடுவே ஒரு ஆள் நுழையும் அளவு இடம் விட்டால் பிளே செத்தது: துரத்தி வரும் காவலாளி (எதிரணியின் தடுப்பாளர்) அந்த இடைவெளியில் புகுந்து கூடவே வந்துவிடுவார். இடைவெளி இல்லையென்றால் காவலாளிகள் சுற்றிப் போக வேண்டும், அல்லது ஒருவரோடொருவர் மோதிக்கொள்ள வேண்டும். ரிசீவரே வேண்டுமென்று காவலாளியை இடித்தால் நடுவர் தவறு என்று மஞ்சள் துணியை வீசிவிடுவார். அதனால் ஓடுகிற பாதை நேராக இருக்க வேண்டும். ஆளைத் தேடிப் போகக் கூடாது.

கடந்த பிறகு ஒரு முடிவு எடுக்க வேண்டும். காவலாளி ஆளைத் துரத்தி வந்தால் நிற்காமல் ஓடு. இடத்தைக் காவல் காக்கிற 'ஸோன்' முறை என்றால் இரண்டு காவலாளிகளுக்கு நடுவே வெற்றிடம் பார்த்து நின்று, முகத்தைக் குவார்ட்டர்பேக் பக்கம் திருப்பு. இந்த முடிவை ரிசீவரும் குவார்ட்டர்பேக்கும் ஒரே நொடியில் ஒரே மாதிரி எடுக்க வேண்டும். அவர் ஓடுவார் என்று இவர் எறிய, அவர் நின்றுவிட்டால் பந்து எதிராளி கையில். திரும்பத் திரும்ப ஆடினால் ஒழிய இந்த ஒத்திசைவு வராது.

அதற்காக இவர்கள் வைத்திருந்த பயிற்சி எனக்கு மிகவும் பிடித்தது. எதிரில் காவலாளி யாரும் இல்லை. பந்து பிடிக்கத் தகுதியுள்ள ஐந்து பேரும் ஒரே பிளேயை ஓடுவார்கள். எறிவதற்கு ஐந்து பேர் வரிசையாக நிற்பார்கள். குவார்ட்டர்பேக் போதவில்லை என்றால் பயிற்சியாளரே பந்தை எடுத்துக்கொள்வார். முதல் ஆள் முதல் தேர்வுக்கு, அதாவது அந்தப் பிளேயில் முதலில் பார்க்க வேண்டிய ரிசீவருக்கு, எறிவார், இரண்டாம் ஆள் இரண்டாம் தேர்வுக்கு, இப்படி ஐந்து பந்தும் பறக்கும். அடுத்த தடவை எல்லோரும் ஒரு இடம் நகர்வார்கள். ஐந்து தடவை முடிந்தால் 25 பந்து எறியப்பட்டிருக்கும். ஒவ்வொருவரும் அந்தப் பிளேயின் ஐந்து தேர்வுக்கும் எறிந்திருப்பார்கள். போட்டியில் ஐந்தாவது தேர்வுக்குப் பந்து போவது அபூர்வம். போகிற நாளில் கை தடுமாறக் கூடாது என்பதற்குத்தான் இத்தனையும்.

முன்வரிசையில் குவார்ட்டர்பேக்கைக் காக்கும் ஐந்து பேரை லீச் தள்ளித் தள்ளி நிறுத்தினார். ஒருவர் பாதத்துக்கும் அடுத்தவர் பாதத்துக்கும் நடுவே 3 அடி, சில நேரம் அதற்கும் மேல். எதிரணியின் ஓரத்து ஆள் குவார்ட்டர்பேக்கை எட்ட இன்னும் இரண்டு மூன்று எட்டு கூடுதலாக ஓட வேண்டியிருக்கும். பந்து பறக்க இடையில் வழியும் தெரியும். ஆனால் நடுவில் இருக்கும் சந்தில் ஒருவர் வேகமாகப் புகுந்தால் ஆபத்து. ஆகவே உள்ளே வருபவனை முதலில் தடு, ஆள் குறைந்தால் வெளி ஓரத்தில் வருபவனை விட்டுவிடு என்பது விதி. அவன் வந்து சேர்வதற்குள் பந்து கையை விட்டுப் போயிருக்க வேண்டும்.

இந்த முறையோடு மம்மியும் லீச்சும் 1992இல் ஜார்ஜியாவின் வால்டோஸ்டாவுக்கும், 1997இல் கென்டக்கிக்கும் போனார்கள். கென்டக்கி பெரிய அணிகளிடம் அடிவாங்கிக்கொண்டே இருந்த அணி. அந்த 1997இலேயே அலபாமாவை 40–34 என்று தோற்கடித்தது. அலபாமாவைக் கென்டக்கி அதற்கு முன் வென்றது 1922இல். அவர்களுடைய குவார்ட்டர்பேக் டிம் கௌச் 1999இல் தொழில்முறை லீக்கின் தேர்வில் முதல் ஆளாக எடுக்கப்பட்டார். ஃபுளோரிடா அணியின் டிஃபென்ஸை நடத்திக்கொண்டிருந்த பாப் ஸ்டூப்ஸ் இந்த ஆட்டத்தை எதிர்த்துப் பார்த்தவர். அவர் ஓக்லஹோமாவுக்கு ஹெட் கோச்சாகப் போனபோது லீச்சைத் தாக்குதல் பொறுப்புக்குக் கூட்டிக்கொண்டார். லீச் அங்கே இருந்தது 1999 என்ற ஒரே பருவம்தான். அவர் கொண்டுவந்த குவார்ட்டர்பேக் ஜாஷ் ஹைப்பலை வைத்து அடுத்த ஆண்டு ஓக்லஹோமா தேசியப் பட்டம் வென்றது.

2000இல் டெக்ஸஸ் டெக் அவரை ஹெட் கோச் ஆக்கியது. பத்துப் பருவம், 84 வெற்றி, 43 தோல்வி. 2003இல் குவார்ட்டர்பேக் பி.ஜே. சைமன்ஸ் ஒரே பருவத்தில் 5,833 யார்டு எறிந்தார். அந்தச் சாதனை 2021 வரை நின்றது. 2008 நவம்பர் 1 அன்று டெக்ஸஸ் பல்கலைக்கழக அணிக்கு எதிராக, கிரஹாம் ஹாரல் எறிந்ததை மைக்கேல் கிராப்ட்ரீ பிடித்து, கடிகாரத்தில் ஒரு நொடி மிச்சமிருக்கும்போது கோட்டைத் தாண்டினார். ஸ்கோர் 39–33.

அங்கே அவருடைய முடிவு கசப்பானது. தலையில் அடிபட்டிருந்த ஒரு மாணவ வீரரை நடத்திய விதம் குறித்த புகாரில் 2009 டிசம்பரில் பல்கலைக்கழகம் அவரை நீக்கியது. அவர் புகாரை மறுத்தார், வழக்கும் போட்டார். மாநில அரசின் நிறுவனம் என்ற பாதுகாப்பு குறுக்கே நின்றதால் ஒப்பந்தப் பணம் கிடைக்கவில்லை. இரண்டு ஆண்டு வேலையில்லாமல் இருந்து, 2012இல் வாஷிங்டன் ஸ்டேட் அணிக்குப் போனார். முதல் பருவம் 3 வெற்றி, 9 தோல்வி. 2018இல் குவார்ட்டர்பேக் கார்ட்னர் மின்ஷூவை வைத்து 11 வெற்றி. அந்தக் கல்லூரி வரலாற்றில் அதற்கு முன் அத்தனை வெற்றி ஒரு பருவத்தில் வந்ததில்லை.

அவருடைய முறையின் வலுக்குறைவும் இங்கேதான் வெளிப்பட்டது. பக்கத்துப் போட்டி அணியான வாஷிங்டனிடம் எட்டுப் பருவத்தில் ஏழு தோல்வி. வாஷிங்டன் செய்தது எளிமையான வேலை. மூன்று பேரை மட்டும் குவார்ட்டர்பேக்கை நோக்கி முன்னே அனுப்பி, எட்டுப் பேரைப் பின்னால் நிறுத்தியது. ஐந்து ரிசீவருக்கு எட்டுக் காவலாளி. மெஷ் ஓடி வெற்றிடத்தில் நிற்கலாம் என்றால் வெற்றிடமே இல்லை. குட்டிப் பாஸ்களாக எறிந்து ஊர்ந்து போகலாம். ஆனால் 10, 12 பிளே பிழையில்லாமல் ஆட வேண்டும். நடுவில் ஒன்று தவறினால் எல்லாம் போச்சு.

2020இல் மிசிசிப்பி ஸ்டேட்டுக்கு வந்தபோது இரண்டே வாரத்தில் இந்த இரண்டு பக்கத்தையும் பார்த்தோம். முதல் போட்டியில் லூசியானா ஸ்டேட் (எல்எஸ்யு) அணி ஆளுக்கு ஆள் காவல் போட்டது. லீச்சின் குவார்ட்டர்பேக் கே.ஜே. கோஸ்டெல்லோ 623 யார்டு எறிந்து, இந்த அணிகள் ஆடும் கூட்டமைப்பின் சாதனையை முறியடித்தார், 44–34 வெற்றி. அடுத்த வாரம் ஆர்கன்ஸா எட்டுப் பேரைப் பின்னே நிறுத்தியது, 21–14 தோல்வி. அதற்கடுத்த வாரம் கென்டக்கி ஆறு பாஸ்களைப் பறித்து 24–2 என்று வென்றது.

எட்டுப் பேர் பின்னால் போனால் முன்னால் ஆள் குறைவு. அப்போது பந்தைக் கையில் கொடுத்து ஓடவிட வேண்டும். லீச்சுக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் ஓட்ட ஆட்டத்துக்கு நேரம் ஒதுக்கினால் பாஸ் பயிற்சியில் அந்த நேரம் குறையும். அவர் கடைசிவரை அதற்குச் சம்மதிக்கவில்லை. என் கணிப்பில் அவர் இழந்த பெரிய போட்டிகளில் பலவற்றுக்குக் காரணம் இந்த ஒரு முடிவுதான்.

2022 டிசம்பர் 12 அன்று, 61 வயதில், பதவியில் இருக்கும்போதே இறந்தார். மொத்தக் கணக்கு 158 வெற்றி, 107 தோல்வி.

ஓட்டத்தைச் சேர்க்கும் வேலையை அவரிடம் ஆடியவர்களும் அவரோடு வேலை பார்த்தவர்களும் செய்தார்கள். டெக்ஸஸ் டெக்கில் உதவியாளராக இருந்த லிங்கன் ரைலி, ஓக்லஹோமாவில் மெஷ்ஷை அப்படியே வைத்துக்கொண்டு, ஒரு பக்கத்து இரண்டு முன்வரிசை ஆட்களை மறுபக்கம் இழுத்துப் போகும் 'கவுன்ட்டர்' ஓட்டத்தைச் சேர்த்தார். அவருடைய குவார்ட்டர்பேக்குகள் பேக்கர் மேஃபீல்டு 2017லும் கைலர் மர்ரி 2018லும் கல்லூரி ஃபுட்பாலின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருது வாங்கியது அந்தக் கலவையில்தான். ஹைப்பல் டென்னஸி ஹெட் கோச்சாக 2022 அக்டோபரில் அலபாமாவை 52–49 என்று வென்றார். லீச்சின் பழைய உதவியாளர் சன்னி டைக்ஸ் அதே பருவத்தில் டெக்ஸஸ் கிறிஸ்தவப் பல்கலைக்கழக (டிசியு) அணியைத் தேசிய இறுதிப் போட்டிவரை கொண்டுபோனார். இந்தப் பயிற்சியாளர்களின் அணி ஆடும் ஆட்டம் தொலைக்காட்சியில் வந்தால் பந்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு முதலில் பின்னால் நிற்கும் காவலாளிகளை எண்ணிப் பாருங்கள். எட்டுப் பேர் இருந்தால் பெரும்பாலும் ஓட்டம் வரும்.